‘டேட் ஆஃப் லாஸ்’ என்று கேட்டார்கள், அப்பா போன தேதியை எழுதினேன்

இன்சூரன்ஸ் கிளெய்ம் படிவத்தில் அது மூன்றாவதோ நான்காவதோ கட்டம். ‘டேட் ஆஃப் லாஸ்’. ராத்திரி ஒன்றரை மணி, அம்மா உள்ளே தூங்காமல் படுத்திருக்கிறார், நான் கூடத்தில் அப்பாவின் ரெக்ஸின் பையிலிருந்து எடுத்த காகிதங்களைத் தரையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு நிரப்பிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கட்டத்தில் 9-10-2024 என்று எழுதினேன். கை நிற்கக்கூட இல்லை. அது அப்பா இறந்த தேதி. படிவமோ அப்பாவுடைய டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி திருடு போனதற்கானது. வண்டி போனது 17-12-2024. அடுத்த கட்டம் ‘பிளேஸ் ஆஃப் லாஸ்’, அதில் ஆஸ்பத்திரி பெயரை எழுத ஆரம்பித்தபோதுதான் ஏதோ இடித்தது. அதை மட்டும் அடித்துவிட்டு ‘காந்தி மார்க்கெட், திருச்சி’ என்று எழுதினேன். மேலே எழுதின தேதியைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த ஒரு தேதி எனக்கு ஐந்து வாரம் தின்றது.

மொத்தக் கதைக்கு ஐந்து மாதம் ஆனது. சென்னைக்கும் திருச்சிக்கும் ஏழு தடவை போய் வந்த பஸ் செலவு கிட்டத்தட்ட 7,000. ‘நான் பார்த்துக்கிறேன் மேடம்’ என்று சொல்லி எதையுமே பார்க்காத ஒரு இடைத்தரகருக்கு 3,500. டைப்பிங், நோட்டரி எல்லாம் இரண்டு தடவை, 900. லீவு தீர்ந்து ஆறு நாள் சம்பளம் பிடித்தார்கள், அது ஒரு 9,000. அதற்கும் சம்பளச் சீட்டில் ‘லாஸ் ஆஃப் பே’ என்றுதான் போட்டிருந்தது, பார்த்துவிட்டு அந்த வார்த்தைமேலேயே எரிச்சல் வந்தது. கடைசியில் வந்த தொகை 26,400. கணக்கைக் கூட்டிப் பாருங்கள். நான் ஒரே பிள்ளை, கேட்க அண்ணன் தம்பி இல்லை, யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இதில் வேடிக்கை, நான் நாள் முழுக்க இங்கிலீஷில் மெயில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவள். வாடிக்கையாளருக்குப் பதில் போடுவதுதான் வேலையே. அதனால் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற நினைப்பு இருந்தது.

வண்டி போன அன்று காலையில் அம்மாவுக்குக் கருமாதிக்குப் பிறகு முதல் தடவையாக மார்க்கெட் போகவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நான்தான் அப்பா வண்டியில் கூட்டிப் போனேன். பூட்டிவிட்டுத்தான் போனோம். அரை மணி நேரத்தில் இரண்டு பையோடு திரும்பி வந்தால் வண்டி நின்ற இடத்தில் ஒரு தக்காளிக் கூடை. அம்மா முதலில் சொன்னது, ‘வண்டியைக் காணோம்டி.’ நம் பேச்சில் அதுதானே இயல்பு? கண்ணெதிரே ஒருத்தன் தள்ளிக்கொண்டு போனால்கூட ‘காணாமப் போச்சு’ என்றுதான் சொல்வோம், கேட்கிறவர்களுக்கும் திருட்டு என்று புரிந்துவிடும். நான் அந்தக் ‘காணோ’மை அப்படியே தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், இங்கிலீஷில் எழுதினால் மதிப்பார்கள் என்று நினைத்து, ‘மை ஃபாதர்ஸ் டூ வீலர் இஸ் மிஸ்ஸிங்’ என்று அழகாக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் படித்துவிட்டு, ‘மிஸ்ஸிங்னு எழுதியிருக்கீங்களேம்மா, எங்கயாவது மாத்தி நிறுத்தியிருப்பீங்க, நல்லா தேடிப் பாருங்க’ என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. எழுதியிருந்ததைத்தான் படித்தார். ஒரு சிஎஸ்ஆர் ரசீது கொடுத்து அனுப்பினார். முத்திரை போட்ட காகிதம் கைக்கு வந்ததும் புகார் பதிவாகிவிட்டது என்று நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சிஎஸ்ஆர் என்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது, அவ்வளவே. எஃப்ஐஆர் வேறு. இன்சூரன்ஸ்காரர்கள் சிஎஸ்ஆரைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்கள், எஃப்ஐஆர் வேண்டும், அதில் திருட்டு என்ற வார்த்தையும் பிரிவும் இருக்க வேண்டும். 2024 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு நடந்த திருட்டு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303, அதற்கு முன்னால் நடந்தது என்றால் பழைய ஐபிசி 379. இது எனக்குத் தெரிந்து, மறுபடி ஸ்டேஷனுக்குப் போய், புகாரைத் திருத்தி எழுதி, எஃப்ஐஆர் போட்டது டிசம்பர் 26. ஒன்பது நாள் போச்சு. இந்தத் தடவை தமிழில் எழுதினேன். ‘இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், பூட்டி நிறுத்தியிருந்த வாகனத்தை அடையாளம் தெரியாத நபர் திருடிச் சென்றுவிட்டார்.’ ஒரே வரி. தாராளமாகத் தமிழில் கொடுக்கலாம், இங்கே ஸ்டேஷனில் அவர்கள் எழுதுவதும் தமிழில்தான், நாம்தான் பயந்துகொண்டு இங்கிலீஷைப் பிடித்துத் தொங்குகிறோம். எஃப்ஐஆர் நகலுக்குக் காசு கிடையாது, புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

சரி, ‘லாஸ்ட்’, ‘மிஸ்ஸிங்’ எல்லாம் எங்கே சரிப்படும்? ஆர்சி புத்தகம், லைசென்ஸ், மார்க்‌ஷீட், பாஸ்போர்ட் இதெல்லாம் எங்கேயோ விழுந்து தொலைந்தால், யார் எடுத்தார்கள் என்றே தெரியாவிட்டால், அது ‘லாஸ்ட்’. தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே ‘லாஸ்ட் டாக்குமென்ட் ரிப்போர்ட்’ என்று தனியாக இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்துகொள்ளலாம். மனிதர் காணாமல் போனால் ‘மிஸ்ஸிங்’. பொருளை ஒருத்தன் எடுத்துப் போய்விட்டான் என்றால் ‘தெஃப்ட்’, ‘ஸ்டோலன்’. இந்தச் சின்ன வித்தியாசத்துக்கா இவ்வளவு என்று தோன்றும். மொபைலுக்கு எடுக்கும் இன்சூரன்ஸ் காகிதத்தைப் படித்துப் பாருங்கள், ‘மிஸ்டீரியஸ் டிஸ்அப்பியரன்ஸ்’ கவர் ஆகாது என்று பல பாலிசிகளில் இருக்கும். மர்மமாக மறைவது என்றால் ஏதோ பேய்க்கதை மாதிரி இருக்கிறது, அர்த்தம் என்னவோ எப்படிப் போனது என்று சொல்லத் தெரியாமல் போனது என்பதுதான். பஸ்ஸில் பையிலிருந்து எவனோ உருவியதை ‘ஐ லாஸ்ட் மை ஃபோன்’ என்று மெயில் போட்டால் நாமே அந்த விதிவிலக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறோம். கடைக்கு எடுக்கும் ‘பர்க்ளரி’ பாலிசி இன்னும் மோசம். அதற்குப் பலவந்தமாக உள்ளே புகுந்ததற்கு அடையாளம் வேண்டும், பூட்டை உடைக்காமல் சத்தமில்லாமல் நடந்த திருட்டு அதில் வராது என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நமக்கு எல்லாமே திருட்டுத்தான். காகிதத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை.

இதற்காகப் பொய் சொல்லச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிஜமாகவே எங்கேயோ வைத்துவிட்டு மறந்ததைத் திருட்டு என்று எழுதினால் அது பொய்ப் புகார், பெரிய வம்பு. நடந்தது திருட்டாக இருந்தால் தயங்காமல் அந்த வார்த்தையை எழுதுங்கள் என்பது மட்டும்தான்.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். வண்டி, பாலிசி, ஆர்சி எல்லாம் அப்பா பெயரில். எங்கள் இடைத்தரகர் போனிலேயே, ‘ஓனரே இல்லையே மேடம், பாலிசியும் அவரோட போச்சு’ என்று முடித்துவிட்டார். (அதற்கப்புறமும் 3,500 வாங்கினார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) நான் ஒரு நாள் முழுக்க அழுதேன், பணத்துக்காக என்று சொல்ல முடியாது, ‘அவரோட போச்சு’ என்று அவர் சொன்ன விதத்துக்காக. பிறகு பாலிசி காகிதத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தேன். பொடி எழுத்தில் நிபந்தனைகளின் கடைசியில் இருந்தது. பாலிசிதாரர் இறந்தால் பாலிசி உடனே காலாவதியாகாது, இறந்த தேதியிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் தேதி வரை, இதில் எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். அக்டோபர் 9 முதல் ஜனவரி 9 வரை. வண்டி போனது டிசம்பர் 17. அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். நம் நாட்டு வாகன பாலிசிகளில் இது பொதுவாக இருக்கும் நிபந்தனை, உங்கள் வீட்டிலும் இப்படி நடந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். கூடவே ஆர்டிஓ பக்கமும் ஒரு விதி உண்டு, உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் தகவல் கொடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நான் தகவல் கொடுக்கவில்லை, தெரியாது. என் விஷயத்தில் அதை யாரும் பிடித்துக்கொள்ளாமல் விட்டது அதிர்ஷ்டம், நீங்கள் அதை நம்பி இருக்காதீர்கள். காரியம் முடிந்த கையோடு இறப்புச் சான்றிதழ், இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழ், பிறகு வண்டி என்று போய்விடுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் கிடையாது.

அப்பாவின் சாவைப் பற்றி எழுதவேண்டிய கடிதங்களில்தான் நான் அதிகம் சொதப்பினேன். அப்பா போனில் செஸ் விளையாடுவார், வெளிநாட்டு ஆப் ஒன்றுக்கு மாதம் 299 ரூபாய் அவர் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. ‘மை ஃபாதர் எக்ஸ்பயர்டு ஆன் 9 அக்டோபர், கைண்ட்லி கேன்சல்’ என்று மெயில் போட்டேன். நம் ஊரில் பேங்க், பள்ளிக்கூடம், அபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டு எல்லா இடத்திலும் ‘எக்ஸ்பயர்டு’ என்றால் இறந்துவிட்டார் என்றுதான் அர்த்தம், பால் பாக்கெட் ஞாபகம் யாருக்கும் வராது. அங்கிருந்து வந்த பதில் எவ்வளவு உற்சாகமாக இருந்தது தெரியுமா, கவலைப்பட வேண்டாம், உங்கள் அப்பாவின் மெம்பர்ஷிப் எக்ஸ்பயர் ஆகவில்லை, இன்னும் ஆக்டிவ்தான், நல்லபடி விளையாடட்டும் என்று. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டபோது சொல்ல முடியவில்லை. இன்னும் இரண்டு மாதம் 299 போன பிறகு, ‘மை ஃபாதர் ஹாஸ் டைட்’ என்று எழுதினேன். அன்று சாயங்காலமே நிறுத்தினார்கள். ‘டைட்’ என்று எழுதக் கை கூசியது உண்மை. தமிழில்கூட நாம் ‘செத்துட்டார்’ என்று சொல்ல மாட்டோம், தவறிட்டார், காலமாயிட்டார், சாமிகிட்டப் போயிட்டார். ஆனால் வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதும்போது ‘டைட்’ அல்லது ‘பாஸ்டு அவே’ இரண்டில் ஒன்றை எழுதிவிடுங்கள். ‘ஐ லாஸ்ட் மை ஃபாதர்’ என்று உறவுக்காரர்களுக்கு எழுதலாம், கஸ்டமர் கேருக்கு வேண்டாம்.

படிவங்களில் ‘டெசீஸ்டு’ என்ற சொல் வரும், இறந்தவர் என்று அர்த்தம். தமிழில் எழுதினால் இதையும் ‘டிசீஸ்டு’ என்பதையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் எழுதுவோம், இங்கிலீஷில் இரண்டாவது வார்த்தைக்கு நோய்ப்பட்டவர் என்று அர்த்தம். எங்கள் உறுதிமொழிப் பத்திரத்தில் டைப் அடித்தவர் அப்பாவை மூன்று இடத்தில் நோயாளியாக்கிவிட்டார். நான் பார்க்கவில்லை. நோட்டரி பார்க்கவில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் பார்த்தார்கள். மறுபடி பத்திரம், மறுபடி டைப்பிங், மறுபடி நோட்டரி. கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வார்த்தையை எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

அப்புறம் அந்தத் தேதி. பிப்ரவரியில் மெயில் வந்தது, ‘டேட் ஆஃப் லாஸ் டஸ் நாட் டாலி வித் எஃப்ஐஆர்’ என்று. அக்டோபர் 9-ல் வண்டி போயிருந்தால் ஏன் டிசம்பர் கடைசியில் எஃப்ஐஆர், இவ்வளவு தாமதத்துக்கு விளக்கம் தருக என்று கேட்டிருந்தார்கள். எனக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை, படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தபோதுதான் என் கையெழுத்திலேயே அப்பா தேதி. இன்சூரன்ஸ் பாஷையில் ‘லாஸ்’ என்றால் சம்பவம். விபத்தா, தீயா, திருட்டா, வெள்ளமா, எதுவானாலும் அது நடந்த நாள்தான் ‘டேட் ஆஃப் லாஸ்’. ‘காஸ் ஆஃப் லாஸ்’ என்றால் அந்தச் சம்பவத்தின் காரணம். ‘டோட்டல் லாஸ்’ என்றால் வண்டி முழுக்கப் போச்சு, ‘கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்’ என்றால் வண்டி கண்ணெதிரே நிற்கும், ஆனால் ரிப்பேர் செலவு வண்டிக்குப் பேசிய ஐடிவி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டதால் போனதாகவே கணக்கு. இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் அந்த ராத்திரியும் தப்பாக எழுதியிருக்க மாட்டேனா என்றால், எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த மாதம் வேறு எந்தத் தேதியும் எனக்கு மனதில் இல்லை. அதனால் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், துக்க வீட்டில் ராத்திரியில் தனியாகப் படிவம் நிரப்பாதீர்கள். நிரப்பினாலும் காலையில் பக்கத்து வீட்டு ஆளிடமாவது ஒரு தடவை காட்டிவிட்டு அனுப்புங்கள்.

விளக்கக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன், படிவத்தில் நான் குறிப்பிட்டது என் தந்தை இறந்த தேதி, வாகனம் திருடப்பட்ட தேதி இது என்று. அதோடு முடிந்துவிடவில்லை, டிசம்பர் 17-க்கும் 26-க்கும் இடையில் ஏன் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு அந்த சிஎஸ்ஆர் ரசீதுதான் கைகொடுத்தது, அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனதற்கு அதுதான் சாட்சி. உதவாத காகிதம் என்று கிழிக்காமல் வைத்தது நல்லதாயிற்று. போலீஸுக்கு உடனே சொல்லியிருந்தால், இன்சூரன்ஸ்காரரிடம் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டித் திருட்டு கிளெய்மை மறுக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, அதையும் ஒரு வரி சேர்த்தேன். மறுத்திருந்தால் கம்பெனிகள்மேல் வரும் புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போயிருப்பேன், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு ஒரு மாதம் பார்க்க வேண்டும், அவ்வளவே. அந்த வேலை வரவில்லை. மார்ச்சில் ஒரு அம்மா இன்சூரன்ஸ் கம்பெனி ஆபீஸிலிருந்து கூப்பிட்டார். ‘உங்க லெட்டர் படிச்சேன்மா. சாரி ஃபார் யுவர் லாஸ்.’ கொஞ்சம் நிறுத்திவிட்டு, ‘நான் அப்பாவைச் சொல்றேன், வண்டியை இல்ல’ என்றார். இந்த ஐந்து மாதத்தில் அந்த வார்த்தையை ஒருத்தர் யோசித்துச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

மிச்சம் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் ‘நான் டிரேசபிள்’ சான்றிதழ், அது ஏப்ரல் வரை இழுத்தது, வாரம் ஒரு தடவை போய் நின்றால்தான் நகரும். இன்னொன்று சாவி. திருட்டு கிளெய்மில் வண்டியின் இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்பார்கள். ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டாவது? நான் அவசரப்பட்டு ‘செகண்ட் கீ லாஸ்ட்’ என்று மெயில் போட்டுவிட்டேன். உடனே ஒரு இன்வெஸ்டிகேட்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். சாவி எப்போது தொலைந்தது, வண்டி போவதற்கு முன்னாலா பின்னாலா, தொலைந்த சாவியை வைத்துத்தானே எடுத்திருக்கலாம், அப்படியானால் அது உங்கள் கவனக்குறைவு இல்லையா. நியாயமான கேள்விதான், ஆனால் அம்மா முகம் வெளுத்துப் போனது. ஒரு பொருள் கைக்கு அகப்படவில்லை என்றால் ‘லாஸ்ட்’ என்று எழுதாதீர்கள், தேடுங்கள், தேடி முடிக்கும்வரை ‘நாட் யெட் லொகேட்டட்’ என்று எழுதினால் போதும்.

தேடினோம். ரெக்ஸின் பை, பீரோ, பூஜை அலமாரி, பழைய சட்டைப் பைகள். நாலாவது நாள் அம்மாவுக்கு ஏதோ தோன்றி அப்பாவின் பழைய கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உடைந்த ஒரு கண்ணாடிக் கால், ஒரு ரப்பர் பேண்ட், ஒரு முருகன் படம் போட்ட வளையத்தில் எக்ஸ்எல் சாவி. உபயோகிக்காத சாவி, பளபளவென்று இருந்தது. இன்வெஸ்டிகேட்டர் மறுபடி வந்தபோது கொடுத்தோம். அம்மா சாவியை மட்டும் கழற்றி நீட்டினார். அவர் வளையத்தையும் சேர்த்து வாங்கக் கை நீட்டினார், அம்மா, ‘அது வண்டியோடது இல்லப்பா’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பணம் மே மாதம் அம்மா கணக்கில் ஏறியது. அந்த வளையத்தில் இப்போது பீரோ சாவி தொங்குகிறது.